கடலு இடது பக்கம் இருக்குடே

எய்யா, பைய. அந்த ஹெல்மெட்டைக் கழத்து. அதுக்கு மேல என்னலே கொம்பு மொளச்சிருக்கு? கேமராவா? சரிதான். ரோட்ட அது பாத்துக்கிடும், நீ தனியாப் பாக்க வேண்டியதில்ல. நல்ல ஏற்பாடு.

தூத்துக்குடியிலேருந்து கன்னியாகுமரி வரைக்கும் கடலோரமாவே போறியாக்கும். யாருக்கும் தெரியாத ஊரா பத்து ஊரு எழுதி வச்சிருக்கே. விடியக் கெளம்பி, பொழுது அடையுததுக்குள்ள பத்தையும் முடிச்சிரணும்ங்கே. ஊரை எப்படிலே முடிப்பே? அது உன்னைய முடிக்காம இருந்தாப் போதாதா?

நான் இந்தத் தடத்துல பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சவன். எந்த விலக்குல எந்தக் கூடை ஏறும், எந்தக் கூடையக் கூரைக்கு ஏத்தச் சொன்னா சண்டை வரும்னு தெரிஞ்சவன். அதனால சொல்லுதேன், கேளு. கேக்காட்டியும் சொல்லுவேன்.

மொதல்ல ஒண்ணு. இந்த ரோட்டுல போனா கடல் தெரியாது.

ஏன் முழிக்கே? ஒரு பக்கம் வண்டி, ஒரு பக்கம் அலைன்னு படம் பாத்தியா? எடுத்தவன் கெட்டிக்காரன். இங்க ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தூரம். அதுல பெரும்பாதிக்கு உனக்குத் துணையா வாரது உப்பளம், வாழை, பனை, உடைமரம், காத்தாலை. கடலு இடது பக்கம் இருக்கும். இருக்குன்னு காத்துதான் சொல்லும். ஊரெல்லாம் மொகத்தைக் கடலுக்குக் காட்டி, முதுகை ரோட்டுக்குக் காட்டி உக்காந்திருக்கு. உனக்காகக் கட்டுன ஊரா அது? வள்ளம் ஏத்தி எறக்கக் கட்டுன ஊரு. கடலைப் பாக்கணும்னா ஒவ்வொரு விலக்குலயும் இடது பக்கம் திரும்பணும். எறங்கணும். மணல்ல நடக்கணும். பெறவு வந்த வழியே ரோட்டுக்கு வரணும். இப்பம் சொல்லு, பத்து ஊரு ஒரு நாளைக்குள்ள அடங்குமா?

யாருக்கும் தெரியாத ஊருன்னு சொன்னேல்லா, அதுக்கு வாரேன். முக்காணிக்கு முன்னால பழையகாயல்னு ஒரு ஊரு வரும். நீ கண்ணாடியில தலைமயிரைச் சரி பண்ணிக்கிட்டே தாண்டிருவே. 1290கள்ல மார்க்கோ போலோ இந்தக் காயலைப் பத்தி எழுதி வச்சிட்டுப் போயிருக்கான். ஹோர்முஸ், ஏடன்னு அந்தப் பக்கத்துத் துறையிலேருந்தெல்லாம் குதிரை ஏத்துன கப்பல் இங்க வந்து நின்னுதாம். தாமிரவருணி வண்டலைக் கொண்டாந்து கொட்டிக் கொட்டி, துறை தூந்து, கடலு தள்ளிப் போயிட்டு. குதிரை வாங்கின ஊர்ல இப்பம் நீ தண்ணி பாட்டில் வாங்கிட்டு, "இங்க ஒண்ணுமே இல்ல தாத்தா"ங்கே.

மார்க்கோ போலோ சொன்ன காயல் இதுதான்னு சொன்னவரு கால்டுவெல் பாதிரியாரு. அவரு இருந்தது உவரிக்குப் பக்கத்துல, இடையன்குடியில. 1841-ல சென்னையிலேருந்து அங்க வந்து சேந்தாரு. எப்படி வந்தாருன்னு நெனைக்கே? நடந்து. அதுவும் நேரா வரல்ல, நீலகிரி வரைக்கும் ஏறி எறங்கிச் சுத்திட்டு வந்தாரு. சனங்களையும் பாஷையையும் தெரிஞ்சுக்கிடணும்னு நடந்தாராம். நீ ஏசி ரயில்ல படுத்து வந்து, ஸ்டேஷன்ல வண்டி வாடகைக்கு எடுத்து, இடுப்புல பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு நிக்கே. சரி, காலம் மாறிப்போச்சு. நான் ஒண்ணும் சொல்லல.

உப்பளத்துல எறங்கி போட்டோ எடுப்பே. வெள்ளையாக் குமிச்சிருக்கும், அழகாத்தான் இருக்கும். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு எறங்காதே. அங்க வேலை செய்யுதவ இருட்டோட வந்து, வெயில் ஏறுததுக்குள்ள முடிச்சிட்டுப் போகப் பாப்பா. கண்ணு கூசும், காலு பொத்துப் போகும். நீ அந்நேரத்துக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி வந்து அவளைச் சிரிக்கச் சொல்லுவே. எதுக்குச் சிரிப்பா? உன்னையப் பாத்துன்னா சிரிப்பா.

திருச்செந்தூர் உன் பட்டியல்ல இல்ல. எல்லாருக்கும் தெரிஞ்ச ஊராம். அலை வந்து அடிக்குத எடத்துல இம்புட்டுப் பெரிய கோயிலு நிக்கி, பக்கத்துல நாழிக்கிணறு. கடலுக்கும் அதுக்கும் கூப்பிடு தூரம்தான். கிணத்துக்குள்ள ஒரு சின்னக் கிணறு, அதுல ஊறுதது நல்ல தண்ணி. கடலோர மணல்ல எறங்குத மழைத்தண்ணி, உப்புத்தண்ணிக்கு மேல ஒதுங்கி நிக்கும். கனமான தண்ணி கீழ, லேசான தண்ணி மேல. இது தெரிஞ்சவன் தோண்டியிருக்கான். நீ எத்தனை பாட்டில் வாங்கினே? அந்தக் காலத்துல டச்சுக்காரன் இந்தக் கோயிலுக்குள்ள பூந்து சாமி செலையத் தூக்கிட்டுப் போனானாம். கடல்ல புயலு புரட்டிப் போடவும், பாரம் வேண்டாம்னு தண்ணியில போட்டுட்டான். பெறவு வடமலையப்ப பிள்ளைன்னு ஒருத்தரு மீட்டுட்டு வந்தாருன்னு சொல்லுவாவ. ஆபத்துன்னா அவனே பாரத்தை எறக்கிட்டாம்லா. உனக்கு எதுக்குலே மூணு பை?

குலசேகரன்பட்டினத்துக்குப் போனா, தசரா நேரத்துல போ. பத்து நாளும் ஊரே வேசம். முத்தாரம்மனுக்கு நேந்துக்கிட்டு, மாலை போட்டு விரதம் இருந்து, காளி, குறத்தி, கொரங்கு, போலீஸ்காரன்னு கட்டி, வீடு வீடாப் பிச்சை எடுத்து, அதைக் கோயில் உண்டியல்ல போடுவாவ. என் பஸ்ஸுல பத்துக் கையோட காளியம்மா ஏறுவா. கையெல்லாம் பக்கத்து சீட்டுக்காரன் மூஞ்சியில இடிக்கும். டிக்கெட்டுன்னு கேட்டா தட்டை நீட்டுவா. நான் அம்மாகிட்ட துட்டு வாங்கவா, அம்மாவுக்குத் துட்டு போடவா? நீயும் வேசம்தான் கட்டிருக்கே. எட்டுப் பாக்கெட் வச்ச சட்டை, மணல்ல நடக்க ஆகாத பூட்ஸு. அவன் விரதம் இருந்து கட்டுதான், நீ கார்டைத் தேச்சுக் கட்டிருக்கே. அம்புட்டுத்தான் வித்தியாசம்.

அதே ஊர்லதான் இப்பம் ராக்கெட் விடப் போறாவ. 2024 பெப்ரவரியில அடிக்கல் நாட்டியாச்சு. ஏன் இந்த ஊருன்னு கேட்டியா? ஸ்ரீஹரிகோட்டாவுலேருந்து தெக்க விட்டா இலங்கை குறுக்க கெடக்கு. சுத்தி வளைச்சுப் போகணும், எண்ணெய் செலவு. இங்கேருந்து தெக்க நேரா கடலு. சின்ன ராக்கெட்டுக்கு அந்த மிச்சம் பெரிசுல்லா. வானத்துக்குப் போறவனே வழி விசாரிச்சு வந்திருக்கான். நீ போன்ல ஒரு பொம்பளை சொன்னான்னு உடங்காட்டுக்குள்ள வண்டியை விட்டுட்டு, ஆடு மேய்க்கவன்கிட்ட வந்து நிப்பே. மொதல்லயே அவன்கிட்ட கேட்டா என்ன கொறைஞ்சிரும்?

மணப்பாடுதான் உன் பட்டியல்ல மொத ஊரு, என்ன? அதுக்குப் பக்கத்துல நட்சத்திரம் வேற போட்டிருக்கே. நீ கண்டுபிடிச்ச ஊராக்கும். 1542-ல பிரான்சிஸ் சவேரியார் வந்துட்டாருய்யா. அவரு தங்குன குகைன்னு கடலைப் பாத்து ஒண்ணு இருக்கு, உள்ள நல்ல தண்ணிக் கிணறு. மேட்டு மேல சிலுவைக் கோயிலு, 1581-ல கட்டுனது. செப்டம்பர் மாசம் திருவிழா, 14-ம் தேதி கால் வைக்க எடம் இருக்காது. கொழும்புக்குப் போய் யாவாரம் பண்ணிச் சம்பாதிச்சவுக கட்டுன பெரிய பெரிய வீடுக இருக்கு, பாதி பூட்டித்தான் கெடக்கு. மணிரத்னம் 'கடல்' படம் எடுக்க இங்கன வந்தாரு. இம்புட்டுப் பேரு வந்து போன பெறவு நீ வந்து, "மறைஞ்சு கெடக்குத ஊரு"ன்னு வீடியோ போடுதே. யாருகிட்டேருந்துலே மறைஞ்சு கெடந்துது? உன்கிட்டேருந்துதான்.

ஆனா ஒண்ணு, நானும் பொய் சொல்லப்படாது. அந்த மேட்டுல ஏறி நின்னா வாய் பேசாது. ஒரு பக்கம் கடலு அலையடிச்சுக்கிட்டு இருக்கும், இன்னொரு பக்கம் மணல் நாக்கு நீட்டி மறிச்ச தண்ணி அசையாமக் கெடக்கும். நடுவுல நீ. காத்துக் காலத்துல பட்டம் கட்டிக்கிட்டு அலை மேல போற பயலுகளும் வாரானுவ. அவனுக காத்தைப் படிச்சிட்டு வாரவனுவ, அதனால அவனுகளை நான் கேலி பண்ணமாட்டேன். உன் கையில இருக்க அந்தப் பறக்குத பொட்டிய மட்டும் வெளிய எடுக்காதே. பூசை நேரத்துல கோயிலுக்கு மேல குளவி மாதிரி ரீங்காரம் போடும். உபதேசியாரு மேல பாக்க, சனம் எல்லாம் மேல பாக்க, நீ மட்டும் கீழ பாத்துக்கிட்டு நிப்பே.

எறங்கிக் குளிக்கணும்னு தோணும். தோணட்டும். கரையில ஒருத்தர் வலை பொத்திக்கிட்டு இருப்பாரு, அவருகிட்ட கேளு. மேல சீராத் தெரியுத தண்ணிக்கு அடியில நீவாடு எந்தப் பக்கம் இழுக்குன்னு அவருக்குத் தெரியும். உன் போனுக்குத் தெரியாது. கடல்லயே பொறந்தவன் வள்ளத்தை மணல்ல ஏத்தி வச்சிருக்கான்னா, நீச்சல்குளத்துல படிச்ச நீ எதுக்கு எறங்குதே?

மீனு. அதையும் சொல்லிருதேன். ஞாயித்துக்கெழமை வந்து நின்னுக்கிட்டு, இப்பம் பிடிச்ச மீனு வேணும்ங்கே. இந்தக் கரையில ஞாயித்துக்கெழமை கடலுக்குப் போகமாட்டாவ, கோயிலுக்குப் போவாவ. மே மாச லீவுக்கு வருவே. ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகக் கூடாதுன்னு தடை, மீன் குஞ்சு பொரிக்க காலம். நாட்டு வள்ளம் போகும், கொண்டு வாரதக் கொண்டு வரும். அன்னைக்குச் சாளை வந்தா சாளை, காரல் வந்தா காரல். நீயோ வஞ்சிரம்தான் வேணும்னு அடம் பிடிப்பே. வஞ்சிரம் எங்கேருந்து வரும்? ஐஸ் பொட்டியிலேருந்து வரும். உனக்குன்னு வெலை சொல்லி, வெங்காயத்தை வட்டமா அறுத்து மேல வச்சுத் தருவான். சாளையத் திங்கவன் எவனும் அதைப் படம் எடுக்கமாட்டான். குழம்பு ஆறிரும்லா.

கருப்பட்டியும் அதே கதைதான். உடன்குடியில பனையேறி விடியமுன்ன ஏறி, பதனி எறக்கி, வீட்டுக்காரி அடுப்புக்கு முன்னால நின்னு வேகவேகக் காச்சி, சிரட்டையில ஊத்தி எடுக்கா. அதை நீ அவகிட்ட பத்து ரூவா கொறச்சுக் கேப்பே. அதே கருப்பட்டியச் சென்னையில சாக்குத்துணிப் பையில போட்டு, சணல் கயிறு கட்டி வச்சா, கேட்ட வெலைக்கு வாங்கி நன்றியும் சொல்லிட்டு வருவே. மணப்பாட்டுப் பொம்பளைய பின்னுத ஓலைப் பொட்டிக்கும் இதே பேரம். உனக்குக் கை கூசாதா?

உவரியில சொயம்புலிங்க சாமி கடக்கரையில இருக்காரு, அந்தோணியாரும் இருக்காரு, கப்பல் மாதா கோயிலு கப்பலாவே நிக்கி. எல்லாச் சாமிக்கும் ஒரே பஸ்ஸுலதான் ஆளு வரும். எந்தக் கோயிலுக்கு எவன் போறான்னு நான் கேட்டதில்ல, சில்லறை இருக்கான்னுதான் கேட்டேன்.

இடிந்தகரைக்கும் போறியா? போ. ஆனா அங்க போட்டோ எடுக்க முன்ன யாருகிட்டயாவது பேசு. 2011, 2012-ல அணு உலை வேண்டாம்னு அந்த ஊர்ப் பொம்பளைய மாசக்கணக்கா மாதா கோயில் பந்தல்ல உக்காந்திருந்தாவ, கடல்ல எறங்கி நின்னாவ. எங்கேருந்து பாத்தாலும் அந்த உலைக் கூண்டு தெரியும். நீ "பின்னணி நல்லாருக்கு"ன்னு சொன்னியன்னா அந்த ஊர்ல உனக்கு டீ கெடைக்காது. கெடைக்கவும் வேண்டாம்.

கன்னியாகுமரியப் பத்தி என்ன சொல்ல? வள்ளுவரு 133 அடி நிக்காரு, விவேகானந்தர் பாறைக்கும் அவருக்கும் நடுவுல இப்பம் கண்ணாடிப் பாலம் போட்டிருக்கு. கூட்டத்தோட கூட்டமாப் பாரு. அங்க எவனும் உன்கிட்ட "யாரு வீட்டுக்கு வந்திருக்கே?"ன்னு கேக்கமாட்டான். மத்த ஊர்ல எல்லாம் கேப்பான். சுத்திப் பாக்க வந்தேன்னு சொன்னா நம்பமாட்டான். பொண்ணு பாக்க வந்தியோ, எடம் வாங்க வந்தியோன்னு ரெண்டு தடவை கேப்பான். கோவப்படாம அங்கனயே உக்காரு. ஒரு டீக்குள்ள அவன் தாத்தா கொழும்பு போன கதை வரைக்கும் வந்துரும்.

அந்தச் சீட்டைக் கொடு பாப்போம். மணப்பாடு, உவரி. இது ரெண்டும் இருக்கட்டும், மிச்சத்தை அடிச்சிரு. ராத்திரி எங்கயாவது தங்கு. திரும்புதப்பம் நாலுவழிச் சாலையைப் பிடிச்சுப் பறந்துராதே, இந்த வழியே வா. ஏன்னு கேக்கியா? ஆத்தூர்ல வண்டியை நிப்பாட்டி ஒரு கவுளி வெத்தலை வாங்கணும். இளசாப் பாத்து வாங்கு, அவன் மேல மட்டும் நல்லதா அடுக்கிருப்பான், உருவிப் பாரு. பாக்கும் வாங்கிக்கோ.

துட்டா? என்னலே துட்டு கேக்கே, இம்புட்டு நேரம் வழி சொன்னேம்லா?