சைக்கிள் சராசரி: ஒரு சூத்திரமும் உரையும்

போன தூரத்தை ஆன நேரத்தால் வகுத்தது சராசரி என்ப.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், மாமல்லபுரம் வரை மிதித்துவிட்டு வந்தவரிடம் “ஆவரேஜ் எவ்வளவு?” என்று கேட்டால் அவர் சொல்வதில் எவ்வளவு தள்ளுபடி செய்யலாம் என்பது உணர்த்துதல் நுதலிற்று.

ஒரே வரிதான், கற்றோரும் இதில் வழுக்குவர். ஈசிஆரில் பின்காற்று தள்ள, 30 கிலோமீட்டரை மணிக்கு 30 வேகத்தில் போனவர், அதே தூரத்தை எதிர்காற்றில் 15 வேகத்தில் முக்கி முனகித் திரும்பினார் என்க. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 22½ என்பார். போக ஒரு மணி, வர இரண்டு மணி. 60 கிலோமீட்டருக்கு 3 மணி என்றால் 20தான். மெதுவாகப் போகும்போதுதான் அதிக நேரம் சாலையில் கிடக்கிறோம். ஆகவே சராசரியில் அந்த வேகத்துக்கே ஓட்டு அதிகம். “போகும்போது தள்ளிய காற்றுதானே, சரிக்குச் சரி” என்னும் ஆறுதல் இத்துடன் தள்ளுபடி.

ஏற்காடு இதைவிடக் கொடுமை. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மணிக்கு 10 வேகத்தில் ஏறியவர், மொத்தச் சராசரியை 20 ஆக்க எந்த வேகத்தில் இறங்க வேண்டும்? 30 என்பார் அவசரக்காரர். அந்தச் சராசரிக்குப் போய்வர உரிய நேரம் முழுவதும் ஏற்றத்திலேயே தீர்ந்துவிட்டது. இனி அவர் நேரமே எடுக்காமல் அடிவாரத்தில் இருந்தாக வேண்டும். பிரேக் கட்டை தாங்காது.

நேரம் எது என்பதில்தான் கட்சி பிரிகிறது. ஒரு சாரார் சக்கரம் சுற்றிய நேரத்தையே எண்ணுவர். டீக்கடையில் நின்றதும் செல்போன் செயலி தானாகக் கடிகாரத்தை நிறுத்திக்கொள்ளும். விளைவு விநோதமானது: நெரிசலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால் சராசரி இறங்கும், அசையாமல் நின்றால் இறங்காது. மெல்ல நகர்வதைவிடச் சும்மா நிற்பதே மேல் என்றாகிறது. (சில அலுவலகங்களிலும் இம்முறை வழக்கில் உண்டு.)

மறு சாரார் பிரவே ஓட்டிகள், அதாவது குறித்த நேர வரம்புக்குள் நெடுந்தூரம் மிதிப்போர். 200 கிலோமீட்டருக்கு 13½ மணி நேரம் வரம்பு. பஞ்சர், சாப்பாடு, மரத்தடித் தூக்கம் எல்லாம் அதற்குள். வகுத்தால் மணிக்கு 15கூட வராது. பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் சொச்சத்துக்கு 90 மணி நேரம் வரை உண்டு. அங்கும் கடிகாரம் கண்ணயர்வதில்லை.

கடையில் நின்ற பத்து நிமிடம் கணக்கில் சேராது என்றால், அங்கே தின்ற இரண்டு மெதுவடையின் பலத்தில் மிதித்த தூரம் மட்டும் எப்படிச் சேரும் என்று இவர்கள் கேட்கிறார்கள். முதற்கட்சியாரிடமிருந்து இதுவரை மறுப்புரை வரவில்லை.