இறக்கத்தில் எரிந்த டீசல்

எங்கள் டாடா 207 பிக்கப் 2004-ல் புது வண்டியாக மேட்டுப்பாளையத்துக்கு வந்தபோது லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கொடுத்தது. இன்று கதவின் அடிப்பக்கம் துருவேறிவிட்டது, சீட்டு இரண்டாம் கவரில் இருக்கிறது. அதே இன்ஜின், அதே கோத்தகிரி மலைப்பாதையில் பதினொன்றுக்குக் குறையாமல் கொடுக்கிறது. வயது ஏற ஏற மைலேஜ் இறங்கும் என்பார்கள் எங்கள் லைனில். எங்களுக்கு நேர்மாறாக நடந்தது. அன்றைக்கு மிச்சம் என்று எல்லோரும் நம்பிச் செய்ததில் பாதி டீசலைக் குடித்தது. செலவு என்று தள்ளிப்போட்டதுதான் மிச்சமாக இருந்தது.

முதலில் இறக்கத்தைச் சொல்ல வேண்டும். கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவே முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர். அதற்குள் ஏறக்குறைய 1,500 மீட்டர் இறங்க வேண்டும். மேலே கேரட்டோ முட்டைகோஸோ ஏற்றிக்கொண்டு, விடிவதற்குள் மண்டிக்கு வந்து சேர வேண்டிய அவசரம். வளைவு முடிந்து ரோடு கொஞ்சம் நேரானதும் நியூட்ரலுக்குத் தள்ளிவிடுவார்கள். சிலர் இன்ஜினையே நிறுத்திவிடுவார்கள். அப்பாவும் அப்படித்தான் கற்றுக்கொண்டார். அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் அப்படியே. அடிவாரத்தில் வண்டியை நிறுத்தினால் பிரேக் லைனர் கருகிய வாசனை மூக்கில் ஏறும். டிரம்மின் மேல் தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸென்று ஆவி கிளம்பும். சூடான டிரம்மில் தண்ணீர் பட்டால் வெடிப்பு விடும் என்று பிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது.

இன்ஜினை நிறுத்தி இறங்குவது உயிரோடு விளையாடுவது. இந்த மாதிரி வண்டிகளில் பிரேக்குக்குத் துணை நிற்கும் வேக்குவம், இன்ஜின் ஓடினால்தான் கிடைக்கும். நிறுத்திவிட்டு நாலு தடவை மிதித்தால் பெடல் கல்லாகிவிடும். ஒரு டன் காய்கறி பின்னால் தள்ளும்போது வெறும் கால் பலத்தை நம்பி வளைவில் திரும்ப முடியாது.

இவ்வளவு ஆபத்தையும் டீசலுக்காகத்தான் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் டீசலும் மிச்சமாகவில்லை. கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது. இன்ஜின் வேகம் ஐடிலுக்கு மேல் இருக்கும்வரை டீசல் பம்ப்பில் உள்ள கவர்னர் டீசலை முழுக்க நிறுத்திவிடும். ஒரு சொட்டும் உள்ளே போகாது. நியூட்ரலில் விட்டாலோ, இன்ஜின் அணையாமல் இருக்க அது தொடர்ந்து குடித்துக்கொண்டே இருக்கும். மலைப்பாதை ஓரத்தில் 'இரண்டாவது கியரில் இறங்கவும்' என்று போலீஸ் வைத்த போர்டு, உயிருக்கு மட்டுமல்ல, டீசலுக்கும் சொன்ன புத்தி. அதைப் படித்துக்கொண்டே நியூட்ரலில் போன ஒரு தலைமுறையை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு பதைக்கிறது.

அடுத்தது புகை. ஏற்றத்தில் கரும்புகை கக்கினால் வண்டி நன்றாக இழுக்கிறது என்று பெருமைப்படுவார்கள். பம்ப்பின் சீலை உடைத்து, டீசல் அளவைக் கூட்டும் ஸ்க்ரூவைத் திருகித் தருவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். பம்ப் பட்டறைத் தம்பி ஒருவர்தான் அப்பாவிடம் நேராகச் சொன்னார்.

"ஏனுங்ண்ணா, அது பவர் இல்லீங்க. எரியாத டீசல். காசு குடுத்து வாங்கி ரோட்டுல ஊதிட்டுப் போறீங்க."

"ஏத்தத்துல இழுக்க வேண்டாமா தம்பி?"

"காத்து இருந்தாத்தானுங்க இழுக்கும். டீசலை மட்டும் ஊத்தி என்ன பண்றது?"

அவர் சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் இருக்கும் காற்றின் அடர்த்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கே குறைவு. டர்போ இல்லாத எங்கள் இன்ஜினுக்கு அந்த உயரத்தில் கிடைக்கும் காற்று அவ்வளவுதான். மெக்கானிக்கல் பம்ப்புக்கு இது தெரியாது. சமவெளியில் அனுப்பிய அதே அளவை அனுப்பும். காற்றில்லாமல் எரியாதது கரியாகி சைலன்சர் வழியே போகும். ஆகவே மேலே போகப் போகக் காலைத் தளர்த்தி, ஒரு கியர் இறக்கி, இன்ஜினை அதன் போக்கில் சுற்றவிட வேண்டும். அடைத்துப்போன ஏர் ஃபில்டரோடு மலை ஏறினால் நஷ்டம் இன்னும் கூடும்.

அன்று அவர் இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களைக் கழற்றி டெஸ்டரில் மாட்டி, கைப்பிடியை அழுத்திக் காட்டினார். நாலில் இரண்டு நன்றாக இருந்தன: 'டர்ர்' என்ற சத்தத்தோடு டீசல் பனிமூட்டமாகச் சிதறியது, அழுத்தத்தை விட்டதும் முனை காய்ந்தது. மூன்றாவதில் ஒரு பக்கமாகக் கோடு போட்டுப் பாய்ந்தது. நாலாவதின் முனையில் ஒரு துளி திரண்டு, தொங்கி, சொட்டியது. அந்தத் துளி எரிவதில்லை. சிலிண்டர் சுவரில் ஒட்டி, ஆயிலில் கலந்து, ஆயிலையும் நீர்க்கச் செய்துவிடும். நாசிலை மாற்றி, பம்ப்பைப் பழைய அளவுக்கு இறக்கி, சீல் வைத்துக் கொடுத்தார். வண்டி முதல் நாள் கொஞ்சம் சோம்பலாகத் தெரிந்தது. டீசல் போடும்போது வித்தியாசம் தெரிந்தது.

தெர்மோஸ்டாட் கதையும் இதே ரகம். நம் வெயிலுக்கு இது எதற்கு என்று கழற்றி எறிவது பட்டறைகளில் வழக்கமாக இருந்தது. 80 டிகிரியை ஒட்டிய சூட்டில்தான் டீசல் இன்ஜின் ஒழுங்காக எரியும். அந்தச் சூட்டுக்குச் சீக்கிரம் கொண்டுவருவதே தெர்மோஸ்டாட்டின் வேலை. அது இல்லாவிட்டால், குளிர்ந்த விடிகாலையில் மலையில் கிளம்பும் வண்டி நெடுநேரம் சூடேறாமலே டீசலைக் குடிக்கும். ரேடியேட்டர் அடைப்பால் சூடு எகிறினால், தெர்மோஸ்டாட்டை விட்டுவிட்டு அடைப்பைத்தான் நீக்க வேண்டும்.

மிச்சம் பிடிக்க டீசலில் மண்ணெண்ணெய் கலந்தவர்களும் இருந்தார்கள். அது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். பம்ப்பின் உள்பாகங்களுக்கு எண்ணெய்ப் பசை தருவது டீசலேதான். மண்ணெண்ணெய்க்கு அந்தப் பசை போதாது. விலையில் மிச்சம் பிடித்தவர்கள் பிறகு பம்ப்புக்குக் கொட்டி அழுதார்கள். மைலேஜ் ஏறும் என்று நம்பி டேங்கில் அந்துருண்டை போட்டவர்களும் உண்டு. 1996-ல் மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னதும் ஊரே நம்பியது. எரிபொருள் விஷயத்தில் நம் மக்களின் ஏக்கம் அவ்வளவு ஆழமானது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் லைனில் அன்றைக்கு யாரும் லிட்டரில் கணக்குப் பார்த்ததில்லை. ஐந்நூறுக்குப் போடு, ஆயிரத்துக்குப் போடு என்பார்கள், அவ்வளவுதான். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2017 ஜூனிலிருந்து விலை தினமும் மாறத் தொடங்கியது. 2021 அக்டோபரில் சென்னையில் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியது. வாடகை அதே வேகத்தில் ஏறவில்லை. அப்போதுதான் டேங்கை வாய்வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து, மறுபடி வாய்வரை நிரப்பிப் பார்க்கும் பழக்கம் எங்கள் வீட்டுக்கு வந்தது. நாளுக்கு 100 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு, ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு லிட்டர். மாதம் 25 நாள் ஓடினால் 50 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் 4,500 ரூபாய். ஒரு பிள்ளையின் டியூஷன் காசு அது.

வேகமும் டீசலைக் குடிக்கும். கோவை ரோட்டில் இப்போது மணிக்கு 80 கிலோமீட்டரில் போக எல்லா வசதியும் இருக்கிறது. 60-ல் போவதைவிட 80-ல் காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட 1.8 மடங்கு. கேபினுக்கு மேலே கூடை அடுக்கி, தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டு போனால் இன்னும் மோசம். தார்ப்பாயை இழுத்து இறுக்கிக் கட்டுவது காசு செலவில்லாத மைலேஜ். வாரம் ஒருமுறை, வண்டி ஓடுவதற்கு முன் குளிர்ந்த டயரில் காற்று பார்ப்பதும் அப்படியே. இன்னொன்று: ஓட்டி வந்து நிறுத்தியதும் நாலு சக்கரத்தின் நடுவிலும் கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கே பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது என்று அர்த்தம்.

நியூட்ரலை அப்பா விட்டுவிட்டார். இப்போது வண்டி ஓட்டும் பையனோடு மலைக்குப் போனால், இறக்கம் தொடங்கும் இடத்தில் அவனுக்கு முன்னால் இவரே "செகண்டுல போடு சாமி" என்கிறார்.

பின்சக்கரங்களில் இன்னும் நைலான் டயர்தான் இருக்கிறது. ரேடியல் போட்டால் உருளும் தடை குறையும், டீசலும் குறையும். அடுத்த எஃப்.சி.க்கு முன்னால் மாற்றிவிடலாம் என்று இருக்கிறோம். ஒரே ஆக்சிலில் இரண்டையும் கலக்கக் கூடாது என்பதால் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். அப்பா கடையில் விலை விசாரித்து வைத்துவிட்டார்.