கடலாத்தாவிடம் கரண்ட் கேட்டவர்கள்

கடல் தன்பாட்டுக்குக் கரையை அறைந்துகொண்டிருக்கிறது. மனுஷனுக்குத்தான் அதைப் பார்த்ததும் கை அரிக்கும். ‘இவ்வளவு சக்தியும் வீணாகப் போகிறதே’ என்று முதன்முதலில் வயிறெரிந்து, அந்த எரிச்சலுக்குக் காப்புரிமையும் வாங்கிக்கொண்டவர்கள் பாரிஸைச் சேர்ந்த ழிரார் அப்பாவும் பிள்ளையும். வருஷம் 1799. பிரெஞ்சு ராஜாவின் தலை போய் ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. திட்டம் ரொம்ப எளிமை. நங்கூரம் போட்ட போர்க்கப்பல் அலையில் ஏறி இறங்குகிறது அல்லவா? அதில் பெரிய நெம்புகோல் ஒன்றைக் கட்டி மறுமுனையைக் கரைக்குக் கொண்டுவந்தால் மரம் அறுக்கலாம், மாவு அரைக்கலாம், தண்ணீர் இறைக்கலாம். மாவு மில் நடத்த எந்தத் தளபதி போர்க்கப்பலை இரவல் கொடுப்பார் என்று மட்டும் இருவரும் யோசிக்கவில்லை.

அடுத்த நூறு வருஷத்தில் காப்புரிமைகள் குவிந்தன, பல்பு எரியவில்லை. 1910 வாக்கில் பிரான்ஸில் போர்தோ பக்கத்து ருவாயான் கடற்கரையில் ஒருவர், பாறைக்குள் அலை ஏறி இறங்கும்போது வெளியேறும் காற்றைப் பிடித்து டர்பைனைச் சுற்றவிட்டு, தன் வீட்டுக்கு ஒரு கிலோவாட் எடுத்துக்கொண்டார். வாளித் தண்ணீரில் டம்ளரைக் கவிழ்த்து அமுக்கினால் உள்ளே மாட்டிக்கொண்ட காற்று படும் பாடுதான் மொத்த விஞ்ஞானமும். டம்ளர் அடியில் ஓட்டை போட்டு அங்கே ஒரு விசிறியை மாட்டினால் மின்நிலையம் தயார். பின்னால் வந்தவர்கள் இதற்கே ‘அலைவுறு நீர்த்தம்பம்’ என்று நாக்கு சுளுக்கும் பெயர் வைத்து, அரசாங்கங்களிடம் கோடிகளைக் கறந்தார்கள்.

ஜப்பானில் யோஷியோ மசுதா என்ற முன்னாள் கடற்படை அதிகாரி கேட்டது அதைவிடக் கொஞ்சம். நடுக்கடலில் கப்பலுக்கு வழிகாட்டும் மிதவையில் ஒரு விளக்கு எரிய வேண்டும், அவ்வளவே. 1965-இல் அந்த மிதவைகள் விற்பனைக்கு வந்தன, நூற்றுக்கணக்கில் போயின. கடலாத்தாவும் ‘ஒரு பல்புதானே, எரிஞ்சுட்டுப் போகட்டும்’ என்று விட்டுவிட்டாள். ஆனால் மசுதாவுக்கு ஆசை விட்டதா? எழுபதுகளின் கடைசியில் ‘கைமெய்’ என்று 80 மீட்டர் நீளத்துக்கு ஒரு மிதவைக் கப்பலையே கட்டிக் கடலில் இறக்கினார். எதிர்பார்த்த கரண்டுக்கும் கிடைத்த கரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை.

1973-இல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகி மூடின. எடின்பரோ பல்கலைக்கழகத்து ஸ்டீபன் சால்டர் அப்போது ஃப்ளூ ஜுரத்தில் முனகிக்கொண்டு படுத்திருந்தார். மனைவி மார்கரெட் டொனால்ட்சன் குழந்தைகளின் மனதை ஆராயும் உளவியலாளர். புருஷன்மார்களின் மனதும் அத்துப்படியாக இருந்திருக்க வேண்டும். படுத்துக்கொண்டு புலம்புகிற நேரத்தில் எரிசக்திப் பிரச்சனையைத் தீர்க்கக் கூடாதா என்று ஒரு போடு போட்டார். இதைச் சால்டரே பின்னாளில் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். அம்மணி நிபந்தனையும் விதித்தார்: நிறையக் கிடைக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும், ஆபத்து கூடாது, ஸ்காட்லாந்துக் குளிர்காலத்தில் வேலை செய்ய வேண்டும், என்றைக்கும் தீரக் கூடாது. நம் வீடுகளில் ஜுரக்காரனை மிளகு ரசத்தோடு விட்டுவிடுவார்கள்.

சால்டருக்கு முதலில் தோன்றியது கக்கூஸ் தண்ணீர்த் தொட்டிக்குள் மிதக்குமே, அந்தப் பந்து. அதையே திருத்தித் திருத்தி, அலைக்கு அலை மூக்கை ஆட்டும் ஒரு வாத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். சோதனைத் தொட்டியில் மாதிரி வாத்து வருகிற அலையின் சக்தியில் 90 சதவீதம் வரை விழுங்கியது. அதன் முன்னால் தண்ணீர் கொந்தளித்தது, முதுகுக்குப் பின்னால் ஏறக்குறைய அசைவே இல்லை.

இங்கேதான் அரசாங்கம் மூக்கை நுழைத்தது. ஒரு தீவுக்கு எவ்வளவு வேண்டும், ஒரு மீன்பிடித் துறைமுகத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டிருந்தால் கதையே வேறு. பிரிட்டிஷ் அதிகாரிகள் ‘எடுத்தால் 2000 மெகாவாட்’ என்றார்கள். தவழ ஆரம்பித்த பிள்ளையிடம் ஒலிம்பிக் மெடல் கேட்டார்கள். அது போதாதென்று அலைத் திட்டத்தை மேற்பார்த்த அலுவலகம் உட்கார்ந்திருந்த இடம் ஹார்வெல், அதாவது அணுசக்தி ஆணையத்தின் வளாகம்! ஆட்டுக்குட்டியின் ஆரோக்கியத்தைக் கவனிக்க ஓநாயைப் போட்டார்கள் என்று வாத்து கட்சியினர் இன்றுவரை மண்ணை வாரித் தூற்றுகிறார்கள். 1982-இல் ‘கட்டுப்படியாகாது’ என்று பணத்தை நிறுத்தியாயிற்று. செலவுக் கணக்கே தப்பு என்று சால்டர் வருஷக்கணக்காக மல்லுக்கட்டினார். எண்ணெய் விலையும் இறங்கிவிட்டது. யார் காதில் விழும்?

நார்வேக்காரர்கள் காரியத்தில் இறங்கினார்கள். பெர்கன் பக்கம் டோஃப்டெஸ்டாலன் பாறையில் 1985-இல் 500 கிலோவாட்டுக்கு ஒரு கோபுரம். மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்த கடல், 1988 டிசம்பர்ப் புயலில் அதைப் பாறையிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டது.

உண்மையில் இந்த மின்சாரம் யாருக்கு வேண்டும்? பெரிய ஊருக்கு வேண்டாம். அங்கே நிலக்கரியிலோ அணுவிலோ கரண்ட் மலிவாகவே வருகிறது. தீவுக்காரன் பாடுதான் திண்டாட்டம். அவன் எரிக்கும் டீசல் கப்பலேறி வர வேண்டும். கடல் கொந்தளித்தால் கப்பல் வராது, கப்பல் வராவிட்டால் கரண்டும் கிடையாது. கொந்தளிக்கும் கடலோ வாசலிலேயே நின்று கதவைத் தட்டுகிறது. அவனுக்குத்தான் இது கட்டுப்படியாகும்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தார். ஸ்காட்லாந்தின் மேற்கே இஸ்லே என்று ஒரு தீவு. சனத்தொகை மூவாயிரம் சொச்சம், விஸ்கிக்குப் பெயர் போனது, கடலடிக் கேபிளின் கடைக்கோடி. அங்கே பாறை இடுக்கு ஒன்றில் கான்கிரீட் டம்ளரைக் கவிழ்த்து 1991-இல் 75 கிலோவாட் எடுத்துக் காட்டினார்கள். உள்ளே சுற்றியது பேராசிரியர் ஆலன் வெல்ஸின் டர்பைன். காற்று உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் அது ஒரே பக்கமாகத்தான் சுற்றும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் தூற்றிக்கொள்ளும் ஆசாமி. ஒரே குறை, சுற்றும்போது ஊளையிடும்.

இடையில் ஸ்காட்லாந்து நிறுவனம் ஒன்றுக்கு மறுபடி மெகாவாட் ஆசை வந்தது. 1995-இல் ‘ஆஸ்ப்ரே’ என்ற 2 மெகாவாட் இரும்புக் கூட்டைக் கட்டி, டவுன்ரே அணு நிலையத்துக்கு எதிரே கடலில் நிறுத்தப் போனார்கள். அணு நிலையம் வேடிக்கை பார்க்க, ஒரு யூனிட்கூடக் கொடுக்காமல் அது மூழ்கியது. பட்ட அதே நிறுவனம் பிறகு வேவ்ஜென் என்று பெயரை மாற்றிக்கொண்டு, குவீன்ஸ் ஆட்களோடு சேர்ந்து, கரைப் பாறையிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்தது. 2000 நவம்பரில் இஸ்லேயில் ‘லிம்பெட்’ ஓட ஆரம்பித்தது. போர்டில் 500 கிலோவாட். பிறகு ஊர் நிலவரம் புரிந்து 250-க்கு இறங்கினார்கள். அந்தப் பணிவுக்குப் பலனாகச் சுமார் பன்னிரண்டு வருஷம் ஓட்டினார்கள். இந்தத் தொழிலில் அது சதாபிஷேகத்துக்குச் சமம்.

அஸோர்ஸின் பிகோ தீவில் 400 கிலோவாட் நிலையமும் இதே ரகம்தான். 1999-இல் கட்டி, நோயும் வைத்தியமுமாகக் காலம் தள்ளி, 2018-இல் ஒரு பகுதி இடிந்தது. பெலாமிஸ் என்ற அலை இயந்திரமோ 120 மீட்டர் நீளப் பாம்பு. 2008-இல் போர்ச்சுகல் கடலில் மூன்றை விட்டு, 2.25 மெகாவாட் என்று கொடியசைத்தார்கள். இரண்டே மாதத்தில் பாம்புகள் துறைமுகத்துக்குத் திரும்பின. 2014-இல் அதைச் செய்த கம்பெனியே திவால். அதே 2014-இல் ஆஸ்திரேலியாவில் 3000 டன் இயந்திரம் ஒன்று, வைக்க வேண்டிய இடம் போய்ச் சேருமுன்பே வழியில் உட்கார்ந்துவிட்டது. ஒரு மெகாவாட்டுக்காகக் கட்டியது.

நம்மவர்கள் மட்டும் சளைத்தவர்களா? சென்னை ஐஐடி-காரர்கள் 1991-இல் கேரளத்து விழிஞ்ஞத்தில் 150 கிலோவாட்டுக்கு ஒரு நிலையம் நிறுவினார்கள். மழைக்காலத்தில் சராசரி 75 கிலோவாட் வந்தது, டிசம்பர் முதல் மார்ச் வரை 25. கடைசியில் அதை வைத்து உப்புத் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்கினார்கள், நாளைக்குப் பத்தாயிரம் லிட்டர். தீவுக்காரன் காதில் தேன் பாய்கிற செய்தி என்றால் அதுதான். அவனுக்கு ஒரு குடம் தண்ணீரும் ஒரு ஐஸ்பெட்டியும் ஓடினால் போதும்.

2022 நவம்பரில் அதே ஐஐடி தூத்துக்குடிக்கு ஆறு கிலோமீட்டர் தள்ளி ‘சிந்துஜா-1’ என்ற மிதவையை இறக்கியது. திறன் 100 வாட். ஆமாம், ஒரு குண்டு பல்பு. சிரிக்காதீர்கள், இருநூறு வருஷத்துக் கதையில் கடல் தகராறு பண்ணாமல் கொடுத்தது இந்த அளவில்தான். நான் கும்பிடு போடலாம் என்று கையைத் தூக்கினால், கையோடு அடுத்த அறிவிப்பும் வந்தது: மூன்று வருஷத்தில் ஒரு மெகாவாட். பத்தாயிரம் மடங்கு!

கடல் எவ்வளவு வைத்திருக்கிறது என்று பார்த்தவனெல்லாம் முழுகினான். கரையில் இருப்பவனுக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டவன் கொஞ்ச காலமாவது கரண்ட் பில் கட்டாமல் பிழைத்தான். இனிமேல் மெகாவாட் வரைபடத்தோடு யாராவது அமைச்சகத்துப் படியேறினால், முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவும். ஜுரம் இருந்தால் ரசம் கொடுத்துப் படுக்கச் சொல்லவும். வீட்டுக்காரம்மாவை மட்டும் பக்கத்தில் விடவே கூடாது.