நாற்பது பேரில் ஒருவர்

எழுபதுகளில் பல்கலைக்கழகத்தில் படித்து, இப்போது ஓய்வூதியம் வாங்கும் ஆங்கிலேய ஆண்களில் ஒரு ரகம் உண்டு. பெயர் வைப்பதானால் 'அங்கே இருந்தவர்' என்று வைக்கலாம். முழங்கால் வலி இருக்கும். கழுத்துப் பட்டி நைந்துபோன கறுப்பு டி-ஷர்ட் ஒன்றை, மனைவி கரித்துணியாக்கப் பார்க்கும்போதெல்லாம் போராடி மீட்டு வைத்திருப்பார். பப்பில் நாலு பேர் ஏதோ பாட்டைப் பற்றிப் பேசினால் இரண்டு நிமிஷம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கிளாஸை மேசையில் வைப்பார். அந்த வைப்பிலேயே தெரிந்துவிடும், எல்லோரையும் 1976-க்கு அழைத்துப்போகப் போகிறார் என்று. "மொத்தமே நாற்பது பேர்தான் இருந்திருப்போம்" என்று ஆரம்பிப்பார். பிறகு மேடை எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று கையை நீட்டிக் காட்டுவார்: "இதோ, இங்கேயிருந்து அந்த ஜன்னல் வரைக்கும்தான்!" போன வருஷம் அதே கதையில் மேடை எதிர்வரிசைக் கடை வரை இருந்தது. அடுத்த வருஷம் அது அவருடைய கிளாஸுக்கும் கடலைத் தட்டுக்கும் நடுவே வந்துவிடும்.

அவர் அழைத்துப்போகும் இடம் மான்செஸ்டர். நாள், 1976 ஜூன் 4, வெள்ளிக்கிழமை. ஃப்ரீ டிரேட் ஹால் என்ற பெரிய அரங்கக் கட்டடத்தின் மாடியில் இருந்த சின்னக் கூடத்தில் அன்று செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் இசைக்குழுவினர் வாசித்தார்கள். ஏற்பாடு செய்த ஹோவர்ட் டெவோட்டோவும் பீட் ஷெல்லியும் பக்கத்து ஊரான போல்டனில் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தவர்கள். நுழைவுக் கட்டணம் 50 பென்ஸ். வந்தவர்கள் நாற்பது பேர் அளவுக்குத்தான் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்தக் கொஞ்சப் பேருக்குள் பீட்டர் ஹுக், பெர்னார்ட் சம்னர், மோரிசி என்று பிற்காலப் பெரும்புள்ளிகள் இருந்துவிட்டார்கள். ஜாய் டிவிஷன், தி ஸ்மித்ஸ் என்ற குழுக்கள் பிறந்த கதைகள் அந்தக் கூடத்தைத் தொட்டுக்கொண்டு போகின்றன. 2002-இல் வந்த '24 ஹவர் பார்ட்டி பீப்பிள்' படம் அந்த மாலையை உலகத்துக்கே காட்டிக்கொடுத்தது. கச்சேரி நாற்பது பேரோடு முடிந்தது, கூட்டம் அதற்குப் பிறகுதான் சேரத் தொடங்கியது. யார் நிஜமாகவே போனார்கள் என்று துருவிப் பார்க்க டேவிட் நோலன் ஒரு புத்தகமே எழுத வேண்டியதாயிற்று. அதே கூடத்தில் ஜூலை 20 அன்று பிஸ்டல்ஸ் மறுபடியும் வாசித்தார்கள், அன்று கூட்டம் கணிசம். அன்றைக்குத்தான் அமெரிக்காவின் வைகிங் 1 செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியது. அங்கேயும் தான் இருந்ததாக இதுவரை எந்த ஆங்கிலேயரும் சொல்லவில்லை என்பது ஒரு ஆறுதல்.

இவரை எப்படிச் சோதிப்பது? நுழைவுச் சீட்டைக் கேட்டுப் பயனில்லை. அரை நூற்றாண்டில் எத்தனையோ வீடு மாறியிருப்பார். கூடத்தைக் காட்டச் சொன்னாலும் பயனில்லை; அந்தக் கட்டடம் இப்போது நட்சத்திர ஹோட்டல். ஆனால் அவர் வாயாலேயே ஒரு வாக்கியம் வரும்: "அன்றைக்கே எங்களுக்குத் தெரிந்துவிட்டது, இனிமேல் எதுவும் பழையபடி இருக்காது என்று." இதைச் சொல்பவர் அங்கே இருக்கவில்லை என்று தாராளமாக முடிவு கட்டலாம். நிஜமாகப் போனவருக்கு அது ஒரு வெள்ளிக்கிழமை, அவ்வளவுதான். வரலாறு நடந்து முடிந்த பிறகுதான் அதற்கு அந்தப் பெயர் கிடைக்கிறது. நடக்கும்போது அது அரைவாசி காலியான நாற்காலிகளாகவும் காதைப் பிளக்கும் ஸ்பீக்கராகவும்தான் இருக்கும். சாட்சிக்கு மோரிசியையே கூப்பிடலாம். அப்போது பதினேழு வயதுப் பையன். கச்சேரி முடிந்த கையோடு என்எம்இ என்ற இசை வார இதழுக்குக் கடிதம் எழுதினார், அந்த மாதமே அச்சில் வந்தது. அதில் யுகப்புரட்சி எதுவும் இல்லை. வந்திருந்தவர்கள் கொஞ்சப் பேர்தான் என்கிறார். வாசித்தவர்களின் உடுப்பைக் கிண்டல் செய்கிறார். போனவர் சட்டையைப் பற்றி எழுதுகிறார். போகாதவர் யுகத்தைப் பற்றிப் பேசுகிறார்.

மறுநாளே பீட்டர் ஹுக் போய் ஒரு பேஸ் கிட்டார் வாங்கினாரே, ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்று உறைத்ததால்தானே வாங்கினார் என்று யாரும் மடக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஹுக்கும் சம்னரும் பிற்காலத்தில் அதைப் பற்றிச் சொல்லிவந்தது வேறு: மேடையில் இருந்தவர்கள் அவ்வளவு மோசமாக வாசித்தார்கள், இந்த லட்சணத்துக்கு நாமும் வாசிக்கலாமே என்று தோன்றியது என்பதுதான். கடைக்குப் போக வைத்தது வரலாற்று உணர்ச்சி இல்லை, சுத்தமான தைரியம். கல்யாணத்துக்குப் போய்வந்தவர் ரசத்தில் உப்பு கூடிவிட்டது என்பார்; போகாதவர்தான் பந்தி தேவலோகம் மாதிரி இருந்தது என்பார். கச்சேரியும் அப்படித்தான்.

அதே கட்டடத்தின் பெரிய அரங்கில் பத்து வருஷம் முன்னால் நடந்தது இன்னும் ருசியான கேஸ். 1966 மே 17 அன்று, மின்கிட்டாரோடு மேடையேறிய பாப் டிலானைப் பார்த்து ஒருவர் "யூதாஸ்!" என்று கத்தினார். டிலான் மேடையிலிருந்தே அந்த மனிதரைப் பொய்யர் என்றார். இது நடந்தது மான்செஸ்டரில். ஆனால் திருட்டுத்தனமாக வெளிவந்த இசைத்தட்டில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் என்று தப்பாகப் போட்டிருந்ததால், உலகம் பல வருஷம் அப்படியே நம்பியது. 1998-இல் முறையாக வெளியிட்டபோதும், அந்தப் பெயர் அவ்வளவு ஒட்டிப்போயிருந்ததால், மேற்கோள் குறிக்குள் அதையே வைத்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு லண்டன்காரர் "அந்தக் கத்தலை நான் நேரில் கேட்டேன்" என்று சொல்லியிருந்தால், இசைத்தட்டின் அட்டையே அவருக்குச் சாட்சி சொல்லியிருக்கும். பிறகு, கத்தியது நான்தான் என்று இரண்டு பேர் தனித்தனியாக முன்வந்தார்கள். ஒரு வசவுக்கு இரண்டு உரிமையாளர்கள்!

லீட்ஸ் ரகத்தவரை மடக்குவது இன்னும் சிரமம். 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழக ரெஃபெக்டரியில் தி ஹூ என்ற ராக் குழு வாசித்ததுதான் 'லைவ் அட் லீட்ஸ்' இசைத்தட்டு. ரெஃபெக்டரி என்றால் சாப்பாட்டுக் கூடம். மத்தியானம் மாணவர்கள் தட்டோடு வரிசையில் நின்ற இடத்தில்தான் ராத்திரி பீட் டவுன்ஷென்டின் கிட்டார். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் மாணவர் யூனியன்கள் பெரிய பெரிய குழுக்களை இப்படி வரவழைத்தன. தேதி பிடிப்பதும் பணம் பேசுவதும் பெரும்பாலும் கேளிக்கைச் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மாணவரின் வேலை. அன்று உள்ளே இருந்தவர்கள் நாற்பது பேர் இல்லை, பெருங்கூட்டம். அதனால் ஒருவர் கூடுதலாக நுழைந்தாலும் தெரியாது. போதாக்குறைக்கு அந்த இசைத்தட்டின் உறைக்குள் குழுவின் பழைய காகிதங்களின் நகல்களை வேறு வைத்து விற்றார்கள், வுட்ஸ்டாக் இசைவிழா ஒப்பந்தம் உட்பட. ஆக, லீட்ஸ் பக்கமே போகாதவர் வீட்டிலும் ஒரு கட்டு ஆவணம் இருக்கும். பாட்டு முடிந்ததும் எழும் கைதட்டலில் ஒன்று தன்னுடையது என்று அவர் சொன்னால் யாரால் மறுக்க முடியும்? சிலர் அது எந்தக் கைதட்டல் என்றுகூடக் காட்டிவிடுவார்கள்.

இவ்வளவும் சொன்னதால் இவரைப் புளுகர் என்று தள்ளிவிடக் கூடாது. 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர், நிக்கோல் ஹார்ஷ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களிடம் காகிதத்தைக் கொடுத்து, செய்தியை எங்கே, யாரிடம், எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கினார்கள். இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்வியைக் கேட்டார்கள். கால்வாசிப் பேர் சொன்னதில் ஒன்றுகூடப் பழைய விவரத்தோடு ஒத்துப்போகவில்லை. ஆனாலும் அடித்துச் சொன்னார்கள். அவர்கள் கையெழுத்தையே எடுத்துக் காட்டியபோதும் புது ஞாபகம் அசையவில்லை. இரண்டரை வருஷத்தில் இப்படியென்றால், அரை நூற்றாண்டும் நூற்றுக்கணக்கான பப் மாலைகளும் என்னதான் செய்யாது? அறைத் தோழன் போய்வந்து சொன்னது, இசைத்தட்டில் கேட்டது, படத்தில் பார்த்தது எல்லாம் கலந்து, அவருக்கே ஒரு இருக்கை ஒதுக்கிவிட்டது. அவர் சத்தியம் செய்தால் அது சுத்தமான சத்தியம்தான்.

சரி, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. சொல்லப்போனால் இவர்கள் இல்லாமல் அந்த வெள்ளிக்கிழமை இவ்வளவு தூரம் வந்திருக்காது. நாற்பது பேரால் ஒரு கதையை ஐம்பது வருஷம் சுமக்க முடியாது, அதற்கு ஆள்பலம் வேண்டும். 1996 ஆகஸ்டில் நெப்வொர்த்தில் ஒயாசிஸ் குழு இரண்டு நாள் வாசித்தபோது, இரண்டரை லட்சம் சீட்டுக்கு 25 லட்சம் பேருக்கும் மேல் விண்ணப்பித்தார்கள். கிடைக்காதவர்கள் ஆளுக்கொரு ஞாபகத்தைப் பிற்பாடு தயார்செய்துகொண்டாலும் கோபப்பட முடியாது. அவர்களாவது கேட்டுப் பார்த்தவர்கள். நஷ்டப்படுவது நிஜமாகவே போனவர்தான். அவரிடம் இருப்பது ஒரு நாற்காலி, ஒரு தலைவலி, கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட எரிச்சல். இதை வைத்துக்கொண்டு கிளாஸுக்கும் கடலைத் தட்டுக்கும் நடுவே மேடை போடுகிறவரோடு எப்படிப் போட்டி போடுவார்? பேசாமல் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

இன்னும் சந்தேகம் தீராதவர்கள் ஒன்று கேட்டுப் பார்க்கலாம்: பிஸ்டல்ஸுக்கு முன்னால் அன்று யார் வாசித்தார்கள்? பஸ்காக்ஸ் என்று பளிச்சென்று சொன்னால் ஆள் மாட்டிக்கொண்டார். ஜூன் 4-க்கு டெவோட்டோவும் ஷெல்லியும் தங்கள் குழுவான பஸ்காக்ஸைத் தயார்செய்து முடிக்கவில்லை. அவர்கள் வாசித்தது ஜூலையில். அன்று முன்னால் வாசித்தது சால்ஸ்டிஸ் என்ற போல்டன் குழு. அதற்காக யாரும் டி-ஷர்ட் பத்திரப்படுத்தவில்லை. ஆனால் இந்தக் கேள்வியும் இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று தெரியாது. நம்மவர் இந்த விஷயத்தில் அச்சாகிற எதையும் விடாமல் படிப்பவர். அடுத்த சனிக்கிழமையே சால்ஸ்டிஸ் எவ்வளவு அருமையாக வாசித்தார்கள் என்று ஆரம்பித்துவிடுவார்.