ஏரி இருந்த தாள்

கேள்வி: ஓசூரில் மனை வாங்கப் போகிறேன். வில்லங்கச் சான்றிதழ் கையில் இருக்கும்போது பழைய நிலவரைபடம் எதற்கு?
– வாசகர், பாகலூர் சாலை, ஓசூர்

பதில்: வில்லங்கம் மனிதர்கள் போட்ட முடிச்சைச் சொல்லும். மழைத்தண்ணீர் எந்த வழியாக வீட்டுக்குள் வரும் என்று சொல்லாதே!

இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்களில் ஓசூர் வரும் 57 எச் வரிசைத் தாள்களை விரித்துப் பாருங்கள். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வருவதற்கு முந்தைய பதிப்பு கிடைத்தால் விடாதீர்கள். 1802-ல் பரங்கிமலை அருகே அடிக்கோடு போட்டு நில அளவையைத் தொடங்கிய ஆங்கிலேய அதிகாரி லாம்ப்டன், 1804-ல் பெங்களூர் பக்கம் இன்னொன்றை அளக்க வைத்தார். அந்த அளவையின் பேரப்பிள்ளைகள்தாம் இந்தத் தாள்கள். ஏரி, அதன் கரை, ஓடை எல்லாம் இருக்கும். கிணற்றுக்குப் பக்கத்தில் ஆழத்தை எண்ணாக எழுதியிருப்பார்கள், வாரச்சந்தை எந்தக் கிழமை என்பதுகூடச் சில இடங்களில் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தவை ஊர்ப்பெயர்கள். ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி, கெலமங்கலம்... தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வாழ்ந்த மண் இது. மாநில எல்லைக்கோட்டைப் பெயர்கள் மதிக்கவே இல்லை.

மறைந்தவை தாளில் நிற்பது வெளிநாட்டிலும் உண்டு. அமெரிக்க மத்திய மேற்கின் பழைய தாள்களில் வயல் நடுவே கொடி பறக்கும் சின்னக் கட்டம் தெரியும். அது ஓரறைப் பள்ளி. பள்ளி மூடிய பிறகும் தாளில் கொடி இறங்கவில்லை. நம் ஊரில் அப்படி நிற்பவை ஏரிக்கரைகள்.

உங்கள் மனை விழும் இடத்தில் ஏரியின் நீலம் தெரிந்தால், முன்பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.