பாவைக்குக் குரல் மாறினால்

ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணமிட்ட உருவங்களை வெண்திரைக்குப் பின்னிருந்து விளக்கொளியில் ஆட்டும் தோல்பாவைக்கூத்தில், இராமனும் சீதையும் இராவணனும், கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் பெரும்பாலும் ஒரே கலைஞரின் தொண்டையிலிருந்தே பேசுவதால், தந்தை ஓய்ந்து மகன் அமரும் நாளில் காவியம் முழுவதற்கும் ஒரே இரவில் ஆள்மாற்றம் நிகழ்ந்துவிடுகிறது. அதற்கென அறிக்கை எதுவும் வெளியாவதில்லை. புதிய உளுவத்தலையனுக்குக் கரகரப்புப் போதாது என்று முன்வரிசைக் கிழவர் ஒருவர் முணுமுணுப்பதே அங்கு மேல்முறையீடு.

அமெரிக்காவிலோ, கெர்மிட் என்னும் துணித்தவளையைப் படைத்து ஆட்டிவந்த ஜிம் ஹென்சன் 1990இல் மறைந்தபின் கால் நூற்றாண்டுக்கு மேல் அதற்குக் கையும் குரலும் தந்த ஸ்டீவ் விட்மயரை விலக்கி, டிஸ்னி நிறுவனம் மாட் வோகலை அமர்த்திய செய்தி 2017இல் வெளியானபோது, நிறுவனத்தார், கலைஞர், ஹென்சன் குடும்பத்தார் என அனைவரும் கருத்துரைத்தனர்; தவளை மட்டும் வாய் திறக்கவில்லை, திறந்திருந்தாலும் எவருடைய குரலில் என்பது சிக்கலாகியிருக்கும்.

ஆம்பூர்த் தொழிற்கூடங்களுக்குள் நுழையும் ஆட்டுத்தோலோ பாவையாகாமல் காலணியாகிவிடுவதால், உள்ளே புகுந்த கால் மாறியது ஏன் என்று எவரும் விளக்கம் கேட்டதில்லை.