பனை என்ன பாவம் செய்தது?

மனிதர்கள் சண்டை போட்டார்கள், சரி. மரம் துப்பாக்கி தூக்கியதா? கடலுக்கு அந்தப் பக்கம் பனைகளுக்கு ஏன் அந்தத் தண்டனை?
– வாசகர், அக்காள்மடம்

துப்பாக்கி தூக்கவில்லை, குண்டு தாங்கியது! வைரம் பாய்ந்த மரம் என்பதே அதன் குற்றம். உள்நாட்டுப் போரின்போது இலங்கையின் வடக்கில் எண்ணற்ற பனைகளைத் தறித்து, பதுங்குகுழிகளுக்குக் கூரையும் அரணும் ஆக்கினார்கள். 2009 மே மாதம் போர் முடிந்தது. ஆனால், புதிதாக நட்ட பனை காய்க்க 12 முதல் 20 ஆண்டுகள் ஆகும்.

அதே வடக்கின் முகமாலை மண்ணில், போர் முடிந்து பத்தாண்டு கழித்தும் கண்ணிவெடிகளைத் தோண்டி எடுத்தார்கள். பனங்கொட்டையைப் புதைத்தால் கிழங்கு வரும். வெடியைப் புதைத்தால், காலம் கழிந்தும் கால் போகும். கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2017-இல் சேர்ந்துவிட்டது. இந்தியா எப்போது சேரும்?